கூரையும் ஜன்னலும்: சேரி வீட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழர் கட்டடக் கலை என்று புத்தகம் போடுகிறவர்கள் கோயில் விமானத்தில் தொடங்கிச் செட்டிநாட்டு வீட்டில் முடிப்பார்கள். நடுவில் அக்கிரகாரத்துத் திண்ணை வரும். முற்றம் வரும், தேக்கு உத்திரம் வரும், ஆத்தங்குடிக் கல் வரும். சேரி வீடு வராது. அது கலை இல்லையாம். அதற்கு வரலாறும் இல்லையாம். அன்றைக்கும் குடிசை, இன்றைக்கும் குடிசை, அதில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

இன்னொரு பக்கம், வீட்டைப் பராமரிப்பது எப்படி என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஜன்னல் சட்டத்தைக் கரையான் அரித்தால் எப்படி மாற்றுவது, சமையலறையில் தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது, புகை நாற்றம் சுவரிலிருந்து போக என்ன பூசுவது. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் இந்த யோசனைகளுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: வீடு உன்னுடையது, மனை உன்னுடையது, எந்தச் சுவரில் ஓட்டை போடுவது என்பதை நீதான் முடிவு செய்கிறாய். ஜன்னல் வைக்கலாமா, என்ன கூரை போடலாம், அடுப்பு எங்கே இருக்கலாம் என்பதை இன்னொருவன் முடிவு செய்த வீடுகளைப் பற்றி அவர்கள் எழுதுவதில்லை.

இந்தக் குறிப்புகள் சொல்ல வருவது ஒன்றுதான். சேரியில் கூரை கூரையாகவே இருந்ததற்குக் காரணம் வறுமை மட்டும் இல்லை. எரியக்கூடிய கூரை ஆதிக்கச் சாதியின் கையில் ஒரு பிணையாக இருந்தது. நம்ம சனங்க ஓலையை மாற்றி ஓடு போட்டதும், ஓட்டை மாற்றிக் காங்கிரீட் போட்டதும், சுவரைக் குடைந்து ஒரு ஜன்னல் வைத்ததும் அந்தப் பிணையை மீட்கும் வேலை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதற்கு எதிர்ப்பு வந்தது.

2

வீட்டுக்குச் சாந்து பூசுவது ஒரு காலத்தில் உரிமையாக இருந்தது. கருவூரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயருடைய அரசன் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறான். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், முரசு கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

இதைக் கொடை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். நாம் இதைத் திருப்பிப் படிக்க வேண்டும். அரசன் ஆணை போட்டுத்தான் சாந்து பூச முடியும் என்றால், அந்த ஆணைக்கு முந்தின நாள் வரை பூச முடியாது என்று பொருள். ஊருக்கே வீடு கட்டிக் கொடுத்த தச்சனும் கொத்தனும் தன் வீட்டுச் சுவரை மண்ணாக வைத்திருந்தான். கைவினைச் சாதிகளுக்கே இந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களின் சுவர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் சாந்தும் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது கவனிக்கத்தக்கது. காலில் என்ன போடுவது, சுவரில் என்ன பூசுவது இரண்டுமே சாதி அடையாளம்.

சேரி தனியாக இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டுகளிலேயே வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர் நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. கல்லில் வெட்டியே பிரித்திருக்கிறார்கள்.

3

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதை வைத்துத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவது அந்த வழியில் வந்தது. 1994 அக்டோபரில் காரணையில் இரண்டு பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானது அந்த நிலத்தைக் கேட்டுத்தான்.

திரமென்ஹீர் அறிக்கை என்றாலே விவசாய நிலத்தை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதில் வீட்டு மனைப் பிரச்சினையும் இருக்கிறது. மிராசு முறையில் ஊர் மொத்தமும் மிராசுதாரனுக்கு உரியது. சேரி மனையும் அவன் கணக்கில்தான். ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக அதே மண்ணில் செத்துப் பிறந்திருந்தாலும், குடிசை நிற்கிற இடம் பண்ணையாருக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், “எடத்தக் காலி பண்ணு” என்ற ஒரே சொல்லில் வீடு போய்விடும்.

இந்த நிலைமையில் யார் செங்கல் அறுப்பான்? யார் அஸ்திவாரம் தோண்டுவான்? மனை தன்னுடையது இல்லை என்றால், பிரித்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய வீட்டைத்தான் கட்ட முடியும். நாலு கழி, கொஞ்சம் மூங்கில், வரிச்சு, கீற்று. சுவர் மண். கதவுக்குப் பதிலாக ஒரு படல். சேரிக்காரனுக்கு நிலையான வீட்டில் ஆசையில்லை என்று எழுதிவைத்த அதிகாரிகள் உண்டு. ஆசை இருந்தது. அஸ்திவாரம் போட மண் இல்லை.

1920களில் தொழிலாளர் ஆணையர் துறை என்ற பெயரில் ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டு மனை வாங்கிக் கொடுக்கும் வேலையை அன்றைய சென்னை அரசு தொடங்கியது. மிராசுதாரர்கள் இதை எதிர்த்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சில சென்ட் நிலம். அதற்கா இத்தனை எதிர்ப்பு என்று தோன்றலாம். மனை சொந்தமானால் மிரட்ட முடியாது, மிரட்ட முடியாவிட்டால் பண்ணையாள் இல்லை. அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1961இல்தான் வந்தது. குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வெண்மணி இருக்கிறது.

4

கூரை வீட்டுப் பராமரிப்பு என்ன என்பதை அதில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தென்னங்கீற்று ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு ஒழுகும். பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூட நிற்கும். விழல், கரும்புத் தோகை, வைக்கோல் என்று எது கிடைக்கிறதோ அதுதான் கூரை. கீற்று வாங்கக் காசு வேண்டும், அல்லது பண்ணையாரிடம் மட்டை கேட்டு நிற்க வேண்டும். மட்டையை ஊறவைத்து முடைவது பெண்கள். சுவருக்கு மண் குழைத்துப் பூசுவது பெண்கள். தரையைச் சாணி போட்டு மெழுகுவது பெண்கள். மேலே ஏறி வேய்வது மட்டும் ஆண்கள். ‘கூரை மாத்துறது’ என்பது ஒவ்வொரு வருசமும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுகிற செலவு. ஓட்டு வீட்டுக்காரன் தலைமுறைக்கு ஒரு தடவை செய்கிற செலவைக் குடிசைக்காரன் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை செய்தான். கூரை வீடு மலிவு என்பது பொய். நாற்பது வருசக் கீற்றுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் தெரியும்.

குடிசையின் எரவாணம் தாழ்ந்து இருக்கும், கையை நீட்டினால் எட்டும். மழைச் சாரல் மண்சுவரை அடித்துக் கரைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி இறக்குவது. அந்த எரவாணம்தான் நம்ம வீட்டு அலமாரி. கருக்கரிவாள் அங்கேதான் செருகியிருக்கும், சீப்பும் அங்கேதான். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், பிளாஸ்டிக் பையில் சுருட்டிய பட்டா எல்லாம் அங்கேதான். கையெட்டும் உயரத்தில் இருப்பதால் கொள்ளிக்கட்டைக்கும் அதுதான் முதலில் எட்டும். எரவாணத்தில் பற்றிய தீ முகட்டுக்கு ஏற அதிக நேரம் எடுக்காது. தீ மேல்நோக்கித்தான் போகும், கூரையின் சரிவே அதற்கு ஏணி. முகட்டைத் தொட்டதும் எரிகிற ஓலைத் துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழும். சேரியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. அதுவும் நாம் தேர்ந்தெடுத்த நெருக்கம் இல்லை. பெருகிய குடும்பங்களுக்கு வேறு மனை கொடுக்காததால் வந்தது.

தீயோடு வாழ்ந்தவர்களுக்குத் தீயைத் தெரியும். சித்திரை, வைகாசியில் பகல் காற்று தொடங்கினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். தண்ணீர் நிறைந்த பானை வாசலில் இருக்கும். நீளத் துரட்டி ஒன்று தெருவுக்குப் பொதுவாக இருக்கும். ஒரு வீடு பிடித்தால் அதில் தண்ணீர் ஊற்றி நேரத்தைப் போக்க மாட்டார்கள். காற்று அடிக்கிற பக்கம் அடுத்த இரண்டு வீட்டுக் கூரையைத் துரட்டி போட்டு இழுத்துப் பிரித்துவிடுவார்கள். தீக்குப் பசி எடுத்தால் தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது. தீயணைப்புத் துறை இன்று இடைவெளி என்று சொல்வதை அவர்கள் துரட்டியால் செய்தார்கள். ஓலையைத் தீப்பிடிக்காமல் பதப்படுத்தத் தார் கலந்த மண்பூச்சு ஒன்றை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அந்த அறிவு நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. எரிந்த பிறகு வருவாய்த் துறைதான் வந்தது. வேட்டி, சேலை, கொஞ்சம் அரிசி, கூடவே மண்ணெண்ணெய். தீயில் வீடு போனவனுக்கு அரசு மண்ணெண்ணெய் கொடுத்த கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

கூரை எரியும் என்று அரசுக்குத் தெரியாதா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்த பிறகு, பள்ளிகளில் ஓலைக் கூரையே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு அகற்றினார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்து சாயங்காலம் ஓலைக் கூரைக்குத் திரும்பிப் போன பிள்ளைகளைப் பற்றி அப்போது ஓர் உத்தரவும் வரவில்லை.

5

விபத்தை விட்டுவிடுவோம். சேரியில் பெருந்தீ என்பது பல நேரம் விபத்து இல்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்புக் கூடாது. 1931 ஜூனில் இது பதினொரு தடையாக வளர்ந்தது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. இதை ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதி பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். சட்டை போட்ட குற்றத்துக்குத் தண்டனை உடம்புக்கு மட்டும் வரவில்லை, வீட்டுக்கும் வந்தது. கருவூர்க் கல்வெட்டில் செருப்போடு சாந்து நின்றது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலே கடந்து இங்கே செருப்போடு பாத்திரம் நிற்கிறது. வீட்டுக்குள் எந்தப் பானையில் சோறு பொங்குவது என்பது வரைக்கும் அவர்கள் கை நீண்டது.

அடுத்தது 1968 டிசம்பர் 25. கீழத் தஞ்சை. கீழவெண்மணி. கூலி உயர்வும் சங்கக் கொடியும் கேட்ட சனங்களைத் தாக்க நிலவுடைமையாளர்களின் கூட்டம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் இராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஒற்றை அறை. கதவு வெளியிலிருந்து அடைக்கப்பட்டது. கூரைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர்.

வெண்மணியைக் கூலிப் போராட்டமாக மட்டும் படித்தவர்கள் உண்டு, சாதிக் கொடுமையாகப் படித்தவர்கள் உண்டு. இரண்டும் சரி. அதை ஒரு வீட்டின் கதையாகவும் படிக்க வேண்டும். ஒரு வாசல். பின்வாசல் கிடையாது. ஏறிக் குதிக்க ஒரு ஜன்னல் கிடையாது. அந்தக் குடிசை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விடை மேலே சொன்ன இரண்டு சட்டங்களின் ஆண்டுகளில் இருக்கிறது. 1971 வரை அந்த மனை அவர்களுடையது இல்லை. மனை இல்லாதவன் சுவர் எழுப்ப மாட்டான். சுவர் இல்லாதவனுக்கு ஜன்னல் கிடையாது. கொலை நடந்த இரவுக்கு வெகுகாலம் முன்பே அந்த வீட்டின் வழிகள் அடைக்கப்பட்டுவிட்டன.

1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. கார் வைத்திருப்பவனின் சொல்லுக்கு இருந்த எடை, கூரை வைத்திருப்பவனின் சாவுக்கு இல்லை.

1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்த வாரத்தில் தென்னாற்காட்டில் சேரிக் குடிசைகள் வரிசையாக எரிந்தன. மறியல் அரசை எதிர்த்து. எரிந்தது சேரி. இந்தக் கணக்கு யாருக்குப் புரிகிறது? கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் தேவைப்படவில்லை.

6

ஜன்னல் என்ற சொல்லே தமிழ் இல்லை. போர்ச்சுக்கீசியன் கொண்டுவந்தது. அதற்கு முன் தமிழில் சாளரம் இருந்தது, பலகணி இருந்தது, காலதர் இருந்தது. காற்று வரும் வழிக்கு இத்தனை சொற்கள் வைத்திருந்த மொழி. இந்தச் சொற்கள் எல்லாம் மாடத்தில் இருந்தவை. நம்ம வீட்டில் இருந்ததற்குப் பெயர் பொத்தல். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் வெளிச்சம் வரும், அந்தச் சந்து வழியாகத்தான் புகை போகும்.

புகை முழுக்கப் போகாது. அடுப்பு உள்ளே. விறகு ஈரம். கருவேல முள், வரட்டி, பொறுக்கி வந்த சுள்ளி. புகை முதலில் கூரையில் தங்கும். அதில் ஒரு பயன் இருந்தது, புகை குடித்த கூரையைப் பூச்சி அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்ட விதைச் சோளமும் வண்டு விழாமல் இருக்கும். கூரையைக் காப்பாற்றிய அதே புகை அம்மாக்களின் நெஞ்சை அரித்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வுகள், தடுப்பில்லாத ஒற்றை அறையில் விறகு எரிக்கும் வீடுகளில்தான் புகைத்தூசு மிக அதிகம் என்று சொல்கின்றன. இருமலோடு வாழ்ந்த பாட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆய்வு முடிவு புதிதில்லை.

புகை உடம்பில் ஏறும், துணியில் ஏறும், புத்தகப் பையில் ஏறும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். “என்னடா பொக நாத்தம்” என்பான். சாதியைக் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை, மூக்கே சொல்லிவிடும். ஊரில் சமையலறைக்குப் புகைக்கூண்டு இருந்தது. சேரியில் வீடே புகைக்கூண்டு. கட்டடம் செய்த வேலையை உடம்பின் குற்றமாக்கிச் சுத்தம் பற்றிப் பாடம் நடத்தினார்கள். சுத்தமில்லாதவர்கள் என்ற பழிக்குப் பின்னால் எத்தனை ஜன்னல் இல்லாத சுவர்கள் இருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

1983இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்து வீடுகளிலும் புகையில்லா அடுப்பு வரைபடத்திலேயே இருந்தது. அந்த அடுப்பின் புகைக்குழாயைக் கரி அடைக்காமல் அடிக்கடி துடைக்க வேண்டும். அடைத்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. குழாய் கூரையை விட்டு வெளியேறும் இடத்தில் மழை ஒழுகியது. கொஞ்ச நாளில் அடுப்பை உடைத்துவிட்டுப் பழைய மூன்று கல்லுக்கே திரும்பினார்கள். திட்டம் 2002இல் முடித்துக்கொள்ளப்பட்டது. 2007 முதல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016 முதல் மத்திய அரசின் உஜ்வாலா இணைப்பும் வந்தன. புகை குறைந்தது உண்மை. சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் வாசலில் மறுபடியும் விறகு புகைவதும் உண்மை.

7

தொகுப்பு வீடு வந்தது. கூரையின் உயரம் ஏறியது. கொள்ளி எட்டாத உயரம். மேலே ஓலை இல்லை. இந்த ஒன்றுக்காகவே, காரை பெயர்ந்தாலும் கம்பி தெரிந்தாலும், காலனி வீட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். எரியாத தலைக்கட்டு என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கூரை எரியாமல் போனதும் என்ன நடந்தது என்பதுதான் அடுத்த அத்தியாயம்.

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். தேவேந்திரகுல வேளாளர்கள் வாழும் ஊர். வளைகுடா நாட்டு உழைப்பில் கட்டிய நல்ல வீடுகள். ஓலை இல்லை. சுமார் அறுநூறு போலீசார் உள்ளே நுழைந்தார்கள். குற்றவாளிகளைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். தேடியது கதவை, ஜன்னலை, மின்விசிறியை, தொலைக்காட்சிப் பெட்டியை, தையல் எந்திரத்தை. எல்லாம் நொறுக்கப்பட்டன. கடவுச்சீட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. குடிதண்ணீர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்பது மக்களின் வாக்குமூலம். முன்னேறிவிட்ட சேரி என்பதே அந்த ஊரின் குற்றமாக இருந்தது. 1930இல் உலோகப் பாத்திரத்துக்கு இருந்த தடை 1995இல் மின்விசிறிக்கு இருந்தது. முன்பு தடை போட்டவன் ஊர்க்காரன், இப்போது சீருடை.

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டம். ஒரு தலித் இளைஞரும் வன்னியப் பெண்ணும் மணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. இங்கேயும் பெரும்பாலும் காங்கிரீட். அதனால் முறை மாறியது. கதவை உடைத்து, நகையும் பணமும் எடுத்துக்கொண்டு, உள்ளே பெட்ரோல் குண்டு வீசினார்கள். கூரை நின்றது. உள்ளே இருந்த கட்டில், பீரோ, துணி, புத்தகம், வண்டி எல்லாம் கரி. ஓலைத் தீ வெளியிலிருந்து உள்ளே வந்தது. இந்தத் தீ உள்ளிருந்தே எரிந்தது. பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் வேலைக்கும் போய்ச் சேர்த்த பொருளைக் குறிவைத்த தீ அது.

ஆக, வீடு மாறியதும் தாக்குதலும் மாறியது. எரியாத வீடு கட்டினால் சாதி அடங்கிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களும் பதில். அதற்காக ஓலைக்குத் திரும்ப முடியாது. நத்தத்தில் சுவர் நின்றது. நின்ற சுவருக்குள்தான் சனங்க திரும்பிவந்தார்கள். வெண்மணியில் திரும்பிவரச் சுவர் இல்லை.

8

இனி நடைமுறை. நிகழ்வு நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிற தோழர்களுக்கும், காலனியில் வேலை செய்கிற மாணவர்களுக்கும் சில சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் தீ வைப்பது சாதாரணச் சேதம் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(iv) பிரிவின்படி, பட்டியல் சாதியினரின் குடியிருப்பை அழிக்கும் நோக்கத்தோடு தீ வைத்தால் ஆயுள் தண்டனை. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, எரிந்து முற்றிலும் அழிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது.

தீ அணைந்ததும் வீட்டைக் கழுவிவிடத்தான் பெண்களுக்குத் தோன்றும். கரி படிந்த வீட்டில் ஒரு ராத்திரி கூடப் படுக்க முடியாது. ஆனால் அந்தக் கரிதான் சாட்சி. தடயம் எடுத்து, படம் பிடித்து, ஒவ்வொரு அறைக்கும் பட்டியல் போடும் வரை கை வைக்க வேண்டாம். பிறகு சுத்தம் செய்யும்போதும் முறை உண்டு. பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் எரிந்த கரி எண்ணெய்ப் பிசுக்கு. நேரே தண்ணீர் ஊற்றினால் சுவருக்குள் இறங்கும். முதலில் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுத்து, அப்புறம் சலவைச் சோடா கரைத்துத் தேய்க்க வேண்டும். அதன் மேல் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தால் மழைக்காலத்தில் மஞ்சளாகக் கசியும், நாற்றமும் திரும்ப வரும். அந்த நாற்றத்தில் குழந்தைகள் மறுபடியும் மிரள்வார்கள். பூச்சு ஊறிப்போயிருந்தால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி. அதையும் நிவாரணக் கணக்கில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காங்கிரீட் நிற்கிறது என்பதற்காக நல்லதாக இருக்கிறது என்று பொருள் இல்லை. கடுமையாக வெந்த காங்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். அப்படிப்பட்ட தளத்துக்குக் கீழே குடும்பத்தைத் தூங்கவிடாமல், பொறியாளரை வரவழைத்து எழுத்தில் சான்று வாங்க வேண்டும்.

ஜன்னலுக்கு வருவோம். காலனி வீடுகளில் ஒரு வாசலும், கம்பி பதித்த சின்ன ஜன்னலும் வைப்பது வழக்கமாகிவிட்டது. கம்பி திருடனைத் தடுக்கும், உள்ளே இருப்பவரையும் தடுக்கும். வெண்மணிக்குப் பிறகும் ஒரே வாசல் வீட்டை நாம் ஏற்றுக்கொண்டது எப்படி? 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட், மிச்சத்துக்கும் தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்று விதி சொல்கிறது. கூரையைப் பற்றி அரசு ஒருவழியாகக் கற்றுக்கொண்டது. பின்வாசலையும், உள்ளிருந்து திறந்துகொள்ளும் ஜன்னலையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 2001க்கு முன் கட்டிய அரசுத் திட்ட வீடுகளைப் பழுதுபார்க்கவும் அதே ஆண்டில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. காரை கொட்டும் காலனிகளின் பட்டியல் கிராம சபையில் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

எரவாணம் போய்விட்டது. அங்கே செருகிய காகிதங்கள் இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல் வெளியூரில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கொடியன்குளம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நம் பாட்டன் பாட்டிகள் இருந்த வீட்டின் வரலாற்றை அரசு ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொருவரும் தங்கள் சேரியில் கேட்டு எழுதுங்கள். மனை யார் பேரில் இருந்தது, கீற்று எங்கிருந்து வந்தது, முதல் ஓட்டு வீட்டை எந்த வருசம் யார் போட்டார்கள், அன்றைக்கு ஊர் என்ன சொன்னது, முதல் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டது. ஊர்ப் பக்கம் பார்த்து ஜன்னல் வைக்க எத்தனை வருசம் ஆயிற்று என்று கேளுங்கள். விடை சொல்ல இன்னும் சில கிழவிகள் உயிரோடு இருக்கிறார்கள்.